மரத்துண்டைத் திறந்ததால்தான் பூரான் தன் முட்டைகளைத் தின்றதா?

வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டை ஒட்டிய காட்டில், விழுந்து மட்கிக் கிடந்த மரத்துண்டு ஒன்றைப் புரட்டியிருக்கிறீர்கள். அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பூரான், வெளிர்மஞ்சள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்திருக்கிறது. போட்டோ எடுத்துவிட்டுத் துண்டைத் திரும்ப வைத்துவிட்டீர்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பூரான் அங்கேயே இருக்கிறது, முட்டை ஒன்றுகூட இல்லை. இது என்ன இனம், கடித்தால் விஷமா, முட்டையைத் தின்கிற பிராணி அதைக் காவல் காக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது நான்காவது ஒன்று என்று நினைக்கிறேன்: நான் திறந்து பார்த்ததால்தான் இப்படி ஆயிற்றா? பெரும்பாலும் ஆம். அந்த ஆமுக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது, எங்கே உறுதி குறைகிறது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்தப் பிராணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் விலங்கியல் படித்தவன். இலைச்சருகிலும் மட்கிய மரத்திலும் வாழும் கணுக்காலிகளைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பல வருடம் அலைந்திருக்கிறேன். பூரான் நஞ்சைப் பற்றி ஆய்வகத்தில் வேலை செய்தவன் அல்ல, மருத்துவனும் அல்ல. அந்தப் பகுதியில் நான் சொல்வது படித்தறிந்தது, மற்றது பெரும்பாலும் கண்ணால் கண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இனம். உங்கள் படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. அளவு, தட்டையான அகன்ற உடல், மழைக்காட்டு மரத்துண்டு என்கிற இடம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் எத்மோஸ்டிக்மஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்றுதான் என் ஊகம் போகிறது. நிறத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இனத்திலேயே குஞ்சுக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம், தோலுரித்த புதிதில் இன்னொரு நிறம். பூரானை நிறத்தால் பெயர் சொல்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதனால்தான். நம்பத்தகுந்த அடையாளம் உடலின் பக்கவாட்டில் இருக்கிறது. கால்களுக்கு மேலே, சில கணுக்களில் மட்டும் மூச்சுத்துளைகள் இருக்கும். தோட்டத்திலும் வறண்ட காட்டிலும் நாம் அதிகம் பார்க்கும் ஸ்கோலோபெண்ட்ரா பேரினத்தில் அவை 9 ஜோடி. ஒவ்வொன்றும் முக்கோணப் பிளவாக, உள்ளே மடிப்புகளோடு இருக்கும். எத்மோஸ்டிக்மஸில் 10 ஜோடி, ஏழாவது கணுவிலும் ஒரு ஜோடி உண்டு. துளைகள் பெரிதாக, வட்டமாக, திறந்தபடி தெரியும். ரைசிடா என்ற இன்னொரு பேரினத்திலும் 10 ஜோடி இருப்பதால் அதோடு குழப்பம் வரும், ஆனால் ரைசிடா பொதுவாகச் சிறியது, ஒல்லியானது. பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் பேரினம் வரைக்கும் உறுதியாகச் சொல்லிவிடலாம். இனம் வரை போக வேண்டுமானால் லென்ஸ் வேண்டும். பல சமயம் மரபணுவும் வேண்டும்.

இந்தப் பேரினம் பற்றி ஒரு விஷயத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இதன் இனங்களில் ஒன்றுக்கு நம் குன்னூரின் பெயர் இருக்கிறது: எத்மோஸ்டிக்மஸ் கூனூரானஸ், 1920-இல் விவரிக்கப்பட்டது. இன்னொன்று அகத்தியமலையின் பெயரைத் தாங்கியது. அதை ஆய்வாளர் ஜாஹ்னவி ஜோஷியும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிரெகரி எட்ஜ்கோம்பும் 2018-இல் விவரித்தார்கள். அவர்களுடைய மரபணு ஆய்வின்படி, தீபகற்ப இந்தியாவின் எத்மோஸ்டிக்மஸ் இனங்கள் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியிலேயே கிளைவிடத் தொடங்கிவிட்டன. முதலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு, மத்தியப் பகுதிகளில் பிரிந்து, பிறகே வடக்கே போயிருக்கின்றன. பேரினத்தின் மற்ற சொந்தங்கள் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. பறந்தோ நீந்தியோ கடல் தாண்ட முடியாத ஒரு பிராணி இத்தனை கண்டங்களில் பரவிக் கிடப்பதற்கு, நிலப்பரப்புகளே பிரிந்து நகர்ந்ததுதான் பொருத்தமான விளக்கம். ஆண்டுக்கணக்கில் சில கோடி முன்பின் இருக்கலாம். இத்தகைய கணிப்புகளில் அந்த அளவு இடைவெளி இயல்பு. ஆனால் நீங்கள் புரட்டிய துண்டுக்கு அடியில் இருந்தது மிகப் பழைய குடி என்பதில் சந்தேகமில்லை. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்த காலத்தில் தெற்கு மலைகள் இப்படிப்பட்ட உயிர்களுக்குப் புகலிடமாக இருந்திருக்க வேண்டும் என்று, டிஜிடிப்பஸ் என்ற இன்னொரு பூரான் பேரினத்தை வைத்து இதே ஜோஷி முன்பே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு பழைய குடி ஏன் மலை விட்டு மலை தாண்டாமல் அங்கங்கே தங்கித் தனித்தனி இனமானது? இங்கேதான் உங்கள் கேள்விக்கான சாவி இருக்கிறது. பூரானின் வாழ்க்கையை ஆள்வது ஈரம். பூச்சிகளின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடம்பின் நீர் வெளியேறாமல் அது தடுக்கும். பூரானுக்கு அந்தப் பூச்சு சரியாக அமையவில்லை. பூச்சிகள் தங்கள் மூச்சுத்துளைகளை மூடிக்கொள்ளும். பெரும்பாலான பூரான்களுக்கு அந்த வசதியும் இல்லை. காய்ந்த காற்றில் விட்டால் மணிக்கணக்கில் நீர் இழந்து துவண்டுவிடும். ஐரோப்பியக் காடுகளின் கல்பூரானை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள்: அது தன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாக வெளியேற்றுகிறது. பல்லியும் பல பூச்சிகளும் நீரை மிச்சம் பிடிக்க யூரிக் அமிலமாக்கி வெளியேற்றுகிற இடத்தில், இது நீரைத் தாராளமாகச் செலவழிக்கிற வழி. நிலத்துக்கு வந்து 40 கோடி வருடங்களுக்கு மேலாகியும் தண்ணீரைச் சேமிக்கும் பழக்கத்தைப் பூரான் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, ஈரம் இருக்கும் இடத்தை விட்டு நகராமல் இருக்கக் கற்றுக்கொண்டது.

தட்டையான உடல், பகலில் வெளிவராமை, வெளிச்சம் பட்டதும் தலைதெறிக்க ஓடுவது எல்லாம் அதிலிருந்து வந்தவை. உங்கள் பூரானுக்குத் தலையின் இருபுறமும் நான்கு நான்கு சிறு கண்கள் உண்டு. உருவம் பார்க்கிற கண்கள் அல்ல. இருட்டா வெளிச்சமா என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது. கண்ணே இல்லாத பூரான்களும் வெளிச்சத்தை விட்டு ஓடுகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. சீனத்துச் செந்தலைப் பூரானில் செய்த ஆய்வொன்று, வெயில் பட்டதும் உணர்கொம்புகள் சட்டென்று சூடாவதை அது உணர்ந்து விலகுகிறது என்று காட்டுகிறது. எல்லாப் பூரானுக்கும் இதுவே பொருந்துமா என்பது இன்னும் திறந்த கேள்வி. கடைசிக் கால்களின் அடிப்பகுதியில் நுண்துளைகள் கூட்டமாக இருக்கும்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அவை உதவுகின்றன என்கிறார்கள். கல்பூரானில் அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, நம் பெரிய பூரான்களில் அதை யாரும் கறாராகச் சோதித்ததாக நான் படிக்கவில்லை.

மட்கிய மரத்துண்டு பூரானுக்கு ஏன் வீடாகிறது என்பது இப்போது புரியும். மேல்பட்டை காய்ந்தாலும் அடிப்பக்கம் ஈரம் விடாது. கரையான், வண்டுப் புழு, கரப்பான், மண்புழு எல்லாம் அங்கேயே கிடைக்கும். இரவில் சருகின் மேல் வந்து வேட்டையாடிவிட்டு விடிவதற்குள் அடியில் போய்விடலாம். டார்ச் வெளிச்சத்தில் எத்மோஸ்டிக்மஸ் வேட்டையாடுவதைப் பார்த்திருக்கிறேன். உணர்கொம்புகளால் தரையைத் தட்டித் தட்டி வருகிறது. கொம்பின் நுனி இரையில் பட்ட மறுகணம் முன்பாதி உடல் முழுக்க இரையின் மேல் இருக்கிறது. முன்னங்கால்கள் அணைத்துக்கொள்ள, தலைக்கு அடியிலிருந்து நச்சுக்கால்கள் இறங்குகின்றன. பிறகு அவசரமே இல்லை. இரை துடிப்பது நிற்கும் வரை பிடியை விடாமல் இருந்துவிட்டு, மெல்ல மெல்லத் திருப்பித் தின்கிறது. பெரும்பாலும் பூச்சிகளும் புழுக்களும் சிலந்திகளும்தான் உணவு. பெரிய இனங்கள் சின்னத் தவளை, பல்லி வரை போகும். வெனிசுவேலாவில் ஒரு குகைக் கூரையில் தொங்கியபடி வௌவாலைப் பிடித்துத் தின்ற ராட்சதப் பூரானைப் பற்றி 2005-இல் பதிவு வந்தது. நம் காடுகளில் அந்த அளவுக்கு இல்லை.

நச்சுக்கால் என்று சொன்னேன். நாம் பேச்சில் பூரான் கடிக்கிறது என்றாலும் அது வாயால் கடிப்பதில்லை. உடலின் முதல் ஜோடிக் கால்களே வளைந்து, கூராகி, நச்சுப் பையோடு கொடுக்காக மாறியிருக்கின்றன. நடக்கும் காலை நஞ்சூட்டும் கருவியாக மாற்றிக்கொண்ட கூட்டம் பூரான்கள் மட்டுமே. அதற்குப் பின்னால் உங்கள் பூரானுக்கு 21 ஜோடிக் கால்கள் இருக்கும். நூறு கால் என்று எண்ணிப் பார்த்தால் எந்தப் பூரானிலும் சரியாக நூறு வராது, ஏனென்றால் வளர்ந்த பூரானில் ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. 15-இல் தொடங்கி 191 வரை போகிறது. ஏன் ஒற்றைப்படை மட்டும் என்பதற்குக் கரு வளர்ச்சியில் விளக்கம் தேடியிருக்கிறார்கள், முழுத் திருப்தியான விடை இன்னும் வரவில்லை. கடைசி ஜோடி நடக்கப் பயன்படுவதில்லை. பிடிக்க, எதிரியை மிரட்ட, இணை சேரும்போது தடவிப் பார்க்க என்று அதற்கு வேறு வேலைகள். கால் ஒடிந்தால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் திரும்ப முளைக்கும். ஒரு கால் மட்டும் குட்டையாக, வெளிறியிருந்தால் அது புதிதாக முளைத்தது என்று கொள்ளலாம்.

தனியாக வாழ்கிற பிராணி இது. ஒன்றையொன்று சந்தித்தால் பெரியது சின்னதைத் தின்பதும் உண்டு. ஆகவே இணை சேர்வதே எச்சரிக்கையான காரியம். ஆணும் பெண்ணும் உணர்கொம்புகளாலும் பின்னங்கால்களாலும் ஒன்றையொன்று தட்டிப் பார்க்கும். இது மணிக்கணக்கில் நீளும். பிறகு ஆண் தரையில் சிறு வலை ஒன்றைப் பின்னி அதன்மேல் விந்துப் பொதியை வைக்கும். பெண் வந்து எடுத்துக்கொள்ளும். உடல்கள் நேரடியாக இணைவதில்லை.

இனி நீங்கள் பார்த்த காட்சி. மழை பிடித்த பிறகுதான் அடைகாக்கும் தாய்களை நான் அதிகம் கண்டிருக்கிறேன். பெண் மட்கிய மரத்திலோ மண்ணிலோ ஒரு சிறு குழியறை அமைத்து அதற்குள் முட்டையிடும். இட்டதும் உடலை வளைத்து, வயிற்றுப் பக்கம் உள்ளே இருக்கும்படி முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். படத்தை உற்றுப் பாருங்கள்: முட்டைகள் தரையைத் தொட்டிருக்காது. நடுப்பகுதிக் கால்கள் எல்லாம் உள்நோக்கி மடிந்து, ஒரு கூடை போல அவற்றைத் தாங்கியிருக்கும். மண்ணில் துளைத்து வாழும் நீளமான மண்பூரான்களும் அடைகாக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முதுகு உள்ளே வரும்படி சுருளும். சிறிய கல்பூரானும், வீட்டுச் சுவரில் ஓடும் நீண்ட கால் பூரானும் காவலே காப்பதில்லை. முட்டையை ஒவ்வொன்றாக இட்டுவிட்டுப் போய்விடும். அவற்றின் குஞ்சுகள் குறைந்த கால்களோடு பொரித்து, தோலுரிக்க உரிக்க மீதிக் கால்களைப் பெறும். உங்கள் பூரானின் வகையில் குஞ்சு முழு எண்ணிக்கைக் கால்களோடே வெளிவருகிறது.

தாய் சும்மா சுருண்டு கிடப்பதில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக வாய்ப்பக்கம் கொண்டுவந்து நக்கி, திருப்பி, திரும்ப இடத்தில் வைக்கும். இது நாள் முழுக்க நடக்கிற வேலை. தாயைப் பிரித்து முட்டைகளை மட்டும் அதே ஈரத்தில் வைத்துப் பார்த்தால் பூஞ்சை பிடித்து அழிந்துவிடுகின்றன. இதைப் பலரும் கண்டிருக்கிறார்கள், சந்தேகம் இல்லை. தாயின் வாய்நீரில் பூஞ்சையைக் கொல்லும் பொருள் ஏதும் இருக்கிறதா, அல்லது துடைப்பதே போதுமானதா என்பதுதான் தெளிவாகவில்லை. பொரிந்த பின்னும் காவல் தொடரும். குஞ்சுகள் முதலில் வெள்ளையாக, அசையக்கூட முடியாமல், வயிற்றில் மஞ்சள் கருவோடு கிடக்கும். அதைத் தின்று, ஓரிரு முறை தோலுரித்து, நிறம் பிடித்து, தாமே வேட்டையாட முடிகிற நிலை வந்ததும் கலைந்து போகும். முட்டையிலிருந்து அதுவரைக்கும் இனத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து ஒன்றரை மாதம், இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் தாய் பொதுவாக வேட்டைக்குப் போவதில்லை.

இந்தக் காவலுக்கு நடுவில்தான் நீங்கள் துண்டைத் திறந்தீர்கள். தொந்தரவுக்குள்ளான பூரான் தாய் தன் முட்டைகளைத் தின்னும் என்பது உறுதியான செய்தி. காட்டிலும் வளர்ப்பிலும், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு இனங்களில் திரும்பத் திரும்பப் பதிவானது. முட்டைகளை விட்டுவிட்டுத் தாய் ஓடிவிடுவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் தாய் அதே இடத்தில் இருந்தது, முட்டை மட்டும் இல்லை. எறும்பு புகுந்திருந்தால் தாயும் அங்கே தங்கியிருக்காது; துண்டின் அடியில் எறும்பு ஊர்ந்த தடயமாவது இருந்திருக்கும். ஒரே இரவில் பொரித்துக் கலைந்து போக வழியே இல்லை. வேறெங்கோ நகர்த்தி வைத்திருந்தால் தாயும் அங்கேதான் இருந்திருக்கும். மீதி இருப்பது தின்றது என்பதுதான். நேரில் பார்க்காததால் முற்றிலும் உறுதி என்று சொல்லமாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் அதன் பக்கம்தான் கட்டுவேன்.

ஏன் தின்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. நான் சாய்கிற விளக்கம் இது. துண்டைத் தூக்கியதும் அந்தக் குழியறை உடைந்துவிடுகிறது. மேல்மூடி நகர்ந்ததால் ஈரக்காற்று போய்விட்டது. திரும்ப வைத்தாலும் முன்பு பொருந்தியது போல இடைவெளி இல்லாமல் பொருந்தாது. எதிரியின் கண்ணில் பட்டுவிட்ட இடம் என்பதும் தாய்க்குத் தெரிந்த செய்தியாகிவிட்டது. முட்டைகள் இனிப் பிழைக்க வாய்ப்பு குறைவு. தாயோ வாரக்கணக்கில் சாப்பிடவில்லை. அந்த முட்டைகளில் போட்ட சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு உடம்பு தாங்கும். பெரிய பூரான்கள் பல வருடம் வாழ்பவை, ஒரு முறைக்கு மேல் முட்டையிடுபவை என்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. பூஞ்சை பிடித்த முட்டைகளைத் தாய் பொறுக்கித் தின்று மற்றவற்றைக் காப்பாற்றும் என்பதும் கண்ட செய்தி. அதே பழக்கம் அதிர்ச்சியில் எல்லை மீறிப்போவதாகச் சிலர் கருதுகிறார்கள். இரண்டும் சேர்ந்தேகூட இருக்கலாம்.

அப்படியானால் அதைக் காவல் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லலாம். தன் இனத்துக் குட்டியையே வேறொரு நாளில் இரையாகத் தின்னக்கூடிய வேட்டைப் பிராணி, இரண்டு மாதம் பட்டினி கிடந்து, அதே போன்ற குட்டிகளைக் காலால் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களில் அதன் உடம்புக்குள் என்ன மாறுகிறது, எந்தச் சுரப்பு அந்தப் பசியை அடக்குகிறது, குஞ்சுகள் கலைகிற நாளில் பசி ஏன் திரும்புகிறது என்பதெல்லாம் யாராவது இளைஞர் எடுத்து ஆராய வேண்டிய அருமையான கேள்விகள். அன்பு என்ற சொல்லை அதற்குப் போட எனக்கு ஆதாரம் இல்லை. வெறும் எந்திரம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை, ஏனென்றால் எந்திரத்துக்கு நிலைமையைப் பார்த்து முடிவை மாற்றத் தெரியாது. இந்தத் தாய் ஈரம் போனதையும் ஆபத்து வந்ததையும் எப்படியோ கணக்கில் எடுத்திருக்கிறது.

விஷம் பற்றி. ஆம், நஞ்சு உண்டு. சீனச் செந்தலைப் பூரானின் நஞ்சில் உள்ள ஒரு புரதம் உடல் செல்களில் பொட்டாசியம் போய்வரும் குறிப்பிட்ட வாயில்களை அடைக்கிறது என்றும், தன்னைவிடப் பதினைந்து மடங்கு எடையுள்ள எலியை அந்தப் பூரான் அரை நிமிடத்தில் வீழ்த்துகிறது என்றும் 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எலிக்கு நேர்வது மனிதருக்கும் நேரும் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. ஆரோக்கியமான பெரியவருக்குப் பெரிய பூரான் கடி என்றால் கடுமையான வலி, வீக்கம், சிவப்பு, சில சமயம் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது; பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, பொறுக்கிற அளவு வெந்நீரில் கடிபட்ட இடத்தை வைத்தால் வலி குறைகிறது என்று மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. ஐஸ் ஒத்தடத்தால் குறைந்தது என்பாரும் உண்டு. இறுக்கிக் கட்டுவது, கீறி விடுவது வேண்டாம். மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தடிப்பு, மயக்கம் என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு குழந்தையைக் கடித்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: காலையில் எழுந்ததும் உடம்பில் வட்டத் தடிப்பு இருந்தால் ‘ராத்திரி பூரான் ஊர்ந்திருக்கும்’ என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. பூரான் கடித்தால் தூக்கத்தில் தெரியாமல் போகாது, அலறிக்கொண்டு எழுப்பிவிடும். அருகருகே இரண்டு புள்ளிக் காயங்கள் இருக்கும். கண்ணால் பார்க்காத பூரானின் மேல் பழியைப் போட்டு, அரிப்புக்கு உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

இனிக் காட்டில் மரத்துண்டு புரட்டவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். புரட்டிப் பார்க்காமல் இந்த உலகம் யாருக்கும் அறிமுகமாகாது. வனத்துறையின் எல்லைக்குள் என்றால் அனுமதி வேண்டும், அது முதல் விஷயம். துண்டை முழுக்கத் தூக்காமல், உங்கள் பக்கம் தரையைத் தொட்டபடி இருக்க, எதிர்ப்பக்கத்தை மட்டும் உங்களை நோக்கிச் சாய்த்துத் திறங்கள். உள்ளே இருப்பது வெளியேற வழி இருக்கும், உங்கள் கையும் தப்பும். சுருண்ட பூரானைக் கண்டால் ஒரு படம் போதும். பிளாஷ் வேண்டாம், குச்சியால் விரிக்க வேண்டாம், மறுநாள் போய்ப் பார்க்கவும் வேண்டாம். துண்டு இருந்த தடத்திலேயே, அதே முகம் கீழே இருக்கும்படி, மெல்ல இறக்குங்கள். இரண்டாம் முறை திறப்பது முதல் முறையைவிடக் கெடுதல் என்பது என் அனுபவம்; முதல் முறை தாங்கிய தாய்கள் சில உண்டு, மீண்டும் மீண்டும் திறந்தபின் முட்டை தங்கியதை நான் கண்டதில்லை. எஸ்டேட் பக்கம் விறகுக்கு இந்த மட்கிய துண்டுகள்தான் முதலில் போகின்றன. எரிக்க அவ்வளவாக உதவாத ஈரத்துண்டுகளையாவது கிடந்த இடத்தில் விட்டுவிடச் சொல்லி அங்கிருக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள்.

அடுத்த முறை இரவில், சருகின் மேல் நடமாடும் ஒன்றைக் கண்டால் இந்த மூன்று படங்கள் எடுங்கள்: பக்கவாட்டிலிருந்து மூன்றாம் கணு முதல் எட்டாம் கணு வரை மூச்சுத்துளை தெரியும்படி ஒன்று, தலையும் முதல் முதுகுத் தகடும் மேலிருந்து ஒன்று, கடைசிக் கால்களின் அடிப்பகுதி ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். இடத்தின் உயரம், தேதி, என்ன மரத்தடி என்பதையும் எழுதி இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.